மெதுவான கணினியும் கடைசி வயலும்

இன்று காலை என் கணினி எழும்ப மறுத்து, விட்டுவிட்டுக் கூவியது. மூடியைக் கழற்றி, நினைவகமான றாம் துண்டை எடுத்து, அதன் பொன்னிறப் பல்லுகளைப் பென்சில் எழுத்தை அழிக்கும் அழிறப்பரால் தேய்த்தேன். அந்த வாசத்தோடு நீரும் வந்துவிட்டீர், நண்பரே. ஆசிரியர் அறையில் என் அழிறப்பர் காணாமற்போனால் உமது சட்டைப்பையைத்தானே முதலில் தேடுவேன்.

ஓய்வுபெற்ற பிறகு, கழித்துவிட்ட பழைய கணினிகளைச் சேர்த்து, விசுவமடுவில் உமது நெல் அறையில் வரிசையாக வைத்து, வயரால் இணைத்தீர். அந்த ஆண்டு குளத்தில் தண்ணீர் குறைவு. கோடைச் சிறுபோகத்தில் யார் யார் விதைக்கலாம் என்று கமக்காரர் கூட்டம் முடிவுசெய்ய இருந்தது. உமது வயல் வாய்க்காலின் தலைப்பில், என்னுடையது கடைசியில். தண்ணீர் போதாதென்றால் முதலில் கைவிடப்படுவது எங்கள் பக்கம்தான். ஆகவே வாய்க்காலைத் துண்டுகளாக்கி, ஒரு கணினிக்கு ஒரு துண்டு கொடுத்து, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் பார்த்தோம். ஒவ்வொரு படியிலும் எல்லாக் கணினிகளும் விடை சொன்ன பிறகுதான் அடுத்த படி. ஒன்று பிந்தினால் எல்லாம் பிந்தும்.

"எல்லாம் ஆமையள்," என்று சலித்துக்கொண்டு, அமைப்புத் திரைக்குள் புகுந்து, எல்லாவற்றின் நினைவக வேகத்தையும் கூட்டினீர். தாமதத்தையும் குறைத்தீர். நான் அதை வாய்க்காலை வைத்தே விளங்கிக்கொண்டேன். வேகம் என்பது எவ்வளவு தண்ணீர் பாய்கிறது என்பது. தாமதம் என்பது மதகு திறந்தபின் முதல் தண்ணீர் வந்துசேர எடுக்கும் நேரம்.

கணக்குப் பறந்தது. விடையில் என் வயலில் முழங்காலளவு வெள்ளம் நின்றது.

"மாஸ்டர், உழவு மெசினை வித்துப்போட்டு வள்ளம் வாங்கும்," என்றீர்.

"ஐசே, இன்னொருக்கா ஓட்டும்."

மறுபடி ஓட்டினால் என் வயல் வறண்டு வெடித்துக் கிடந்தது. நீர் சிரித்தீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் கூட்டம்.

குழப்பியது கடைசிக் கணினி. அதன் றாம் மிகப் பழையது. அது விடையைத் தேடி எடுக்க முன்னரே நாங்கள் பறித்துக்கொண்டிருந்தோம். வகுப்பில் கேள்வியைக் கேட்டுவிட்டு, பிள்ளை வாய் திறக்க முன் "இரு" என்று சொல்வதைப் போல.

"அதின்ர வேகத்தைக் குறைச்சால் மற்றதெல்லாம் பாத்துக்கொண்டு நிக்கும்," என்றீர்.

"அப்ப அதுக்குச் சின்னத் துண்டாக் குடும். மிச்சத்தை உம்மட கெட்டிக்காரருக்கு ஏத்தும்."

தடுமாறாமல் விடை சொல்லும் அளவுக்கு அதன் தாமதத்தைக் கூட்டினோம். வேலையையும் குறைத்தோம். இப்போது எல்லாம் ஒன்றாக முடித்தன. எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை: குளத்தில் தண்ணீர் உயர்ந்து நிற்கும்போதே கடைசி வயல்களுக்கு முதலில் பாய்ச்சி, தலைப்புக்காரர் பிந்தி விதைத்தால் எல்லோருக்கும் காணும், ஒருவருக்கும் குறையாது.

நீர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர். ஒவ்வொரு போகமும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலடியில் முதல் ஆளாக நிற்பவர் அல்லவா?

"கரண்டும் என்ர, மெசினும் என்ர, விடை மட்டும் உமக்கோ?"

ஆனால் கூட்டத்தில் நான் வாய் திறக்க முன் நீர்தான் எழும்பினீர். "முதல் தண்ணி கடைசி வயலுக்குப் போகட்டும். நான் பொறுத்திருப்பன்."

"வாத்தியாருக்குக் காய்ச்சலோ?" என்றார் பின்னாலிருந்த ஒருவர். சிரிப்பு அடங்கியபோது, மற்றத் தலைப்புக்காரரும் ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள். அந்தச் சிறுபோகம் ஒரு வயலும் தரிசாகக் கிடக்கவில்லை.

இந்தப் போகத்துக்கு நேற்று மதகு திறந்தார்கள். நீர் போன பிறகு உமது வயலை உமது மகள் பார்க்கிறா. கணினியைச் சரிப்படுத்திவிட்டு என் வயல் வரம்புக்குப் போனேன். தண்ணீர் வந்து ஏறிக்கொண்டிருந்தது. அப்போது அவா தொலைபேசியில் அழைத்தா.

"மாமா, தண்ணி காணுமோ? நீங்கள் ஓம் எண்டாப் பிறகுதான் எங்கட பக்கம் திறக்கோணும் எண்டு அப்பா சொன்னவர்."

இன்னும் ஒரு விரல் உயரட்டுமே என்று ஆசையாகத்தான் இருந்தது. சட்டைப்பைக்குள் கை போனது. உம்மைப் போலவே அழிறப்பரை அங்கே போட்டு வைத்திருந்தேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். "திறந்து விடு."