சீட்டுக்கு அடியில் இருந்த வால்வு

மச்சான்,

நம் பழைய வேனை இன்றைக்கு ஹாலிஎலையில் உடைக்கக் கொடுத்துவிட்டேன். இரும்புக்கடை முஸ்லிம் நானா டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு பித்தளை வால்வைக் கழற்றினார். "இதென்ன தம்பி, ஒரு வேனுக்கு ரெண்டு டியூப் ஈக்குது?" என்றார். வாங்கி முகர்ந்தேன். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கலந்த அந்தப் பாழாய்ப்போன வாடை இன்னும் போகவில்லை.

கொழும்புப் பக்கம் சின்ன விமானங்கள் நிற்கும் கொட்டகையில் எஞ்சின் வேலைக்கு இருந்தவன் நீ. யுத்தம் முற்றியதும் தமிழ் ஆள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். படம் ஒட்டிய பாஸ் ஒன்றோடும் வாய் நிறைய விமானக் கதையோடும் கொஸ்லந்தையில் நம் தேயிலைத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தாய். விமான எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தால் கார் பெட்ரோலும் ஊற்றுவார்களாம். இரண்டு டாங்கி, நடுவில் ஒரு வால்வு. "ஏறயிலயும் எறங்கயிலயும் நல்ல எண்ண மச்சான். நடுவானத்துல மட்டுந்தான் மலிவு எண்ண. மேல மக்கர் பண்ணுனா திருப்பிக்க நேரமிருக்கு, தரைக்கிட்ட பண்ணுனா சங்குதான்" என்பாய்.

நாம் கூட்டாக வாங்கிய வேனிலும் அதையே செய்தாய். ஏற்றத்துக்குப் பெட்ரோல், இறக்கத்துக்கு மண்ணெண்ணெய், நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோல். மண்ணெண்ணெயில் நின்றால் அந்தச் சனியன் திரும்பப் பிடிக்காது. நீ குனிந்து வால்வைத் திருப்பும்போதெல்லாம், "பிளேன் எறங்குது, கெட்டியா புடிச்சுக்கங்க" என்று ஆட்கள் கேலி செய்வார்கள். உனக்கு அதில் பெருமைதான்.

என் மனைவிக்கு வலி கண்ட அன்று கொஸ்லந்தை ஆஸ்பத்திரியில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பதுளைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். பின்சீட்டில் அவள் தலை என் மடியில். அப்புத்தளை ஏற்றம் முழுக்கப் பெட்ரோலில் ஏற்றினாய். பண்டாரவளைப் பக்கம் இறங்கும்போது மண்ணெண்ணெய்க்கு மாற்றினாய். ஒரு வளைவில் சோதனைச் சாவடி. சிப்பாய் கையைக் காட்டினான். நீ வழக்கம்போலக் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டாய்.

வால்வைத் திருப்பத்தான். அவர்களுக்கு அது எப்படித் தெரியும்? துப்பாக்கிகள் உயர்ந்தன. உன்னை இழுத்துத் தரையில் போட்டு, கார்ட் எங்கே என்று கேட்டார்கள். தோட்டத்தில் பாதிப் பேருக்கு ஏது அடையாள அட்டை? உன் முகம் இருந்த ஒரே அட்டை அந்தக் கொட்டகைப் பாஸ்தான். அதில் விமானப் படம் வேறு. புலி என்றே முடிவுகட்டிவிட்டார்கள். முடிந்தது கதை. என் மனைவி கதறிய கதறலில் அதிகாரி வேனை மட்டும் போகச் சொன்னார். நான் மரம்போல நின்றேன். "என்னாடா பாக்குற? பெட்ரோல்லதான் இருக்கு, எடுத்துட்டுப் போடா!" என்று மண்ணில் கிடந்தபடியே கத்தினாய்.

போனேன்.

உன்னை மாதக்கணக்கில் அடைத்துவைத்திருந்து வெளியே விட்டார்கள். இடது கை விரல்கள் மடங்கவே இல்லை. அன்றைக்குப் பதுளையில் பிறந்த மகளைக் கொண்டுவந்து உன் முன்னால் பிடித்தேன். "ஒரே சாவியில புடிச்சிச்சா?" என்றுதான் முதலில் கேட்டாய். "புடிச்சிச்சுடா" என்றேன். "அப்ப சரி" என்றாய். அதற்குப் பிறகு நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை. விமானத்தைப் பற்றியும் பேசவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி என்று படுத்தவன் எழுந்திருக்கவும் இல்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை, மச்சான். நீ அன்றைக்குக் குனியாமல் இருந்திருந்தால் உன் கை தப்பியிருக்கும். ஆனால் வேன் பிடித்திருக்காது, மகளும் இருந்திருக்க மாட்டாள். நான் எதை வேண்டாமென்று சொல்வது?

மகளுக்கு நீ மரத்திலிருந்து விழுந்து கை போன மாமா. நீ சொன்ன பொய்யை நானும் மாற்றவில்லை. இன்றைக்கு அந்த வால்வை என் சட்டைப்பையிலிருந்து எடுத்து, "இது என்னாப்பா?" என்று இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வால்வை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று கேட்டாள்.

"பெட்ரோல் பக்கமே இருக்கட்டும்மா" என்றேன்.