அந்த வாசலில் முன்னால் நின்றவளுக்கு

என் அன்புத் தங்கை ரூபிக்கு,

உனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை நீ 'பிரதர்' என்று கூப்பிட்ட நாளிலிருந்து உனக்கு நான் அண்ணன். அண்ணன் தன் பாஷையில்தானே எழுதுவான்?

ஜெயித்துவிட்டோம், ரூபி.

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் பொங்கல். இந்த அமெரிக்க ஊர்த் தமிழ்ச் சங்க விழாவுக்குத் தலைமை விருந்தினர் யார் தெரியுமா? பதினைந்து வயதில் நீயும் டோலோரஸும் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளி வாசலில் போய் நின்றபோது, கறுப்புப் பிள்ளைகளுக்கு இங்கே இடமில்லை என்று ஒரு காலைகூடத் தவறாமல் திருப்பி அனுப்பினாரே அந்தப் பள்ளி வாத்தியார், அவரேதான். இப்போது கல்வி அதிகாரி. 'எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளிக் கதவைத் திறந்தவர்' என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். விழாவும் அதே பள்ளியின் ஹாலில்.

சங்கச் செயலாளர் ராகவனிடம் சண்டைக்குப் போனேன். அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் கோர்ட்டில் வழக்காடிய வக்கீல்களின் பேராவது ஊருக்குத் தெரியும், வாசலில் நின்ற பெண்களின் பேர் எவனுக்குத் தெரியும் என்று கேட்டேன். "பழசெல்லாம் எதுக்கு அங்கிள்? அவர் மனசு வச்சாத்தான் ஹால் ஃப்ரீயா கிடைக்கும்" என்றான். பேப்பர் படித்தே இங்கிலீஷ் கற்ற என் பேச்சு அங்கே எடுபடவில்லை. சரி என்று டோலோரஸை நானே போய் அழைத்து வந்தேன்.

ராகவன் ஒன்றை யோசிக்கவில்லை. பொன்னாடையைச் சபையில் மூத்தவர்தான் போர்த்துவது எங்கள் வழக்கம். அங்கே மூத்தவன் நான்.

பொன்னாடை என் கைக்கு வந்தது. விருந்தினர் எழுந்து, தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றார். நான் அவரைத் தாண்டி மேடையை விட்டு இறங்கி, கடைசி வரிசைக்குப் போய் டோலோரஸுக்குப் போர்த்தினேன். ராகவன் "அங்கிள், அங்கிள்" என்று மைக்கிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கிழவனுக்குக் கண் தெரியவில்லை பாவம் என்றார் ஒருத்தர்.

டோலோரஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறி, அவரைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள்.

"சார், 'வழி தவறி வந்துட்டீங்க, வீட்டுக்குப் போங்க'ன்னு தினமும் சொன்னீங்க. நாங்க வழி தவறலை. முன்னால நின்னவ ரூபி. பயத்துல அவ முதுகுக்குப் பின்னால நின்னவ நான்."

தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் எங்கள் பிள்ளைகள்தான் முதலில் எழுந்து கைதட்டினார்கள். அப்புறம் பெரியவர்களுக்கு வேறு வழியில்லை. அவரும் தட்டினார். மனதாரவா? உனக்குத்தான் அவரைத் தெரியும்.

வீடியோ கேசட்டில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட ராகவன் பார்த்தான். பிள்ளைகள் விடவில்லை. என் மகன், "அப்பா, ஒரு சாரி சொல்லிடுங்களேன்" என்கிறான். எதற்கு? ஹால் போனால் போகட்டும், பார்க்கில் பொங்கல் வைத்துக்கொள்கிறோம்.

இந்த ஊரில் இனி யாராவது அந்தக் கதவு தானாகத் திறந்தது என்று சொல்லட்டும். கல்யாண வீடோ சாவு வீடோ, எழுந்து நின்று உன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

உன் பிடிவாதத்தில் பாதிகூட இல்லாத
உன் அண்ணன்,
சாமிநாதன்