ஒரே மூச்சில் எழுதிய பதிவேடு

அன்பு மகளுக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நலம் என்ற சொல்லுக்குள் அவளுடைய இடது முழங்காலையும் என்னுடைய ரத்த அழுத்தத்தையும் சேர்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நான்கு பிள்ளைகளும் குறையொன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் தம்பி போன வாரம் வந்து இரண்டு நாள் தங்கினான், மாடிப்படிக் கைப்பிடியைச் சரிசெய்தான், அடுத்த வேலையை நான் சொல்லிவிடுவதற்குள் மூன்றாம் நாள் காலையில் கிளம்பிவிட்டான். தினமும் போனில் பேசுகிற மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குத் திக்கென்று இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. உன் போன் எப்போதும் சமையலறை மேடையில் ஸ்பீக்கரில் கிடக்கிறது, நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் இரட்டைகள் இரண்டும் அதை முடித்துவைக்கின்றன, பெரியவன் தூரத்திலிருந்தே தீர்ப்புச் சொல்கிறான், அவன் தங்கை வாலு என் குரலிலேயே பேசிக் காட்டுகிறாள். இது பிள்ளைகள் காதில் விழக் கூடாத விஷயம். ஆகவே காரில் உட்கார்ந்தோ கதவைச் சாத்திக்கொண்டோ தனியாகப் படி, கடைசிவரை படி, பாதியில் நிறுத்தி எனக்குப் போன் செய்யாதே.

வரும் மாதம் பதினெட்டாம் தேதி கல்வி அலுவலர் உன் வீட்டுக்கு வருகிறார், பிள்ளைகளுக்கு நீ வீட்டிலேயே பாடம் நடத்துவதைத் தொடரலாமா கூடாதா என்று அன்றுதான் முடிவாகும் என்று எழுதியிருந்தாய். அவரிடம் காட்டப்போகும் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பி, சட்டப்படி சரியாக இருக்கிறதா பாருங்கள் அப்பா என்றும், இரண்டு பாடத்திட்டங்களில் எதை வாங்குவது என்றும் கேட்டிருந்தாய். படங்களைச் சின்னத் திரையில் பார்த்தால் எனக்குக் கண் வலிக்கும் என்பதால் முனையிலிருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்தேன். கடைக்காரர் தாள்களை அடுக்கிக்கொண்டே, என்ன ஸார், பேரப்பிள்ளைக்கு இம்போசிஷன் குடுத்துட்டீங்களா, ஒரே மூச்சுல எழுதித் தள்ளியிருக்கே என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீடு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தாள்களை மேசையில் விரித்தேன். சட்டம் படிக்காத ஒருவர் இரண்டு நொடியில் கண்டுகொண்டதை, இதே வேலையாக இருக்கும் ஓர் அலுவலர் கண்டுகொள்ள எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துப் பார்.

நூற்று அறுபத்து நான்கு நாள்கள் அம்மா, அத்தனை நாளும் ஒரே சாய்வில் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. நீலப் பேனாவில் மை தீர்ந்த இடம் ஒரு நாளின் முடிவில் இல்லை, ஒரு வரியின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து கடைசிவரை கறுப்பு. நால்வரும் காய்ச்சலில் கிடந்த அந்தப் பன்னிரண்டு நாள்களைப் பற்றி நீயே எனக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அந்தக் கடிதம் என் மேசையில் இருக்கிறது, உன் பதிவேட்டிலோ அந்தப் பன்னிரண்டு நாளும் நால்வரும் காலை ஒன்பது மணிக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு மதியம் உட்கார்ந்து மொத்தமாக எழுதினாய் என்று எனக்குத் தெரிகிறது. சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன், நான்கு பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சாப்பிடவைத்துப் பாடமும் நடத்துகிறவளுக்குத் தினமும் பதிவேடு எழுத நேரம் ஏது. உங்கள் வீட்டுக்கல்விக் குழுவின் தலைவி அம்மாள், பதிவேடு இல்லாவிட்டால் அலுவலர்கள் உன்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள் என்று பயமுறுத்தியிருக்கிறார். ஆனால் அங்குள்ள விதிகளை நான் தருவித்து மூன்று முறை வாசித்தேன். பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற கல்வி தரப்படுகிறதா என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்களே தவிர, தினசரிப் பதிவேடு என்ற சொல் எந்த விதியிலும் இல்லை. யாருமே கேட்காத கேள்விக்கு ஒரு பொய்யான பதிலை எழுதி, அதை நீயாகவே கொண்டுபோய் நீட்டப் பார்க்கிறாய்.

நான் ஏன் இவ்வளவு அரண்டுபோயிருக்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. இதுவரை உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. உனக்குப் பத்து வயதிருக்கும்போது கல்வித்துறைக்காக நான் ஒரு வழக்கு நடத்தினேன். எதிரே நின்றவர் வீட்டிலேயே தையல் தைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளுக்கும் தானே பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பெண். பிள்ளைகள் மூவரும் நன்றாகவே கற்றிருந்தார்கள். அது எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவருடைய பதிவேட்டை மட்டும் கையில் எடுத்து, இதைத் தினமும் எழுதினீர்களா என்று கேட்டேன். பயத்தில் ஆமாம் என்றார். ஒரு குறிப்பிட்ட தேதியைக் காட்டி அன்றும் பாடம் நடந்ததா என்றேன், அதற்கும் ஆமாம். அன்று அவர் இளைய பிள்ளையோடு மருத்துவமனையில் இருந்ததற்கான சீட்டு என் கோப்பில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன உண்மை எதையும் நீதிபதி நம்பவில்லை, பிள்ளைகளை உடனே பள்ளியில் சேர்க்கவும் ஓராண்டு துறையின் கண்காணிப்பில் வைக்கவும் உத்தரவானது. வெளியே வராந்தாவில் அவருடைய நடுப்பெண், நாங்க ஏதாவது தப்பாச் சொல்லிட்டோமாம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டி நடந்தேன். அன்று மாலை உன்னையும் தம்பியையும் ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போனேன், நீ இரண்டாவது கேட்டாய், என்றும் இல்லாத அதிசயமாகச் சரி என்றேன். அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, அது என் வேலையில் சேராது என்று இருந்துவிட்டேன். இப்போது உன் பதிவேட்டை மேசையில் விரித்தால் என்னால் மகளின் எழுத்தாகப் பார்க்க முடியவில்லை, எந்தத் தேதியில் பிடிக்கலாம் என்றே கண் ஓடுகிறது. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ஏங்க, பொண்ணு அனுப்பினதைப் படிக்கிறீங்களா, கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்குறீங்களா என்றாள். கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தேன்.

அடுத்தது பாடத்திட்டம். வகுப்புவாரியாகத் தனித்தனிப் பெட்டியில் வரும் பாடத்திட்டம் ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் புத்தகம், தனி அட்டவணை, வெள்ளிக்கிழமை தோறும் தேர்வு. மற்றது வரலாறு, அறிவியல், கதை எல்லாவற்றையும் நால்வரையும் ஒன்றாக உட்காரவைத்து நடத்திவிட்டு, கணக்கையும் வாசிப்பையும் மட்டும் அவரவர் நிலைக்குத் தக்கபடி தனியாகச் சொல்லித்தருவது. உனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, அலுவலரை நினைத்து முதலாவதை வாங்கப் பார்க்கிறாய். உண்மையைச் சொன்னால் நானும் பெட்டியைத்தான் வாங்கச் சொல்வதாக இருந்தேன். வாராவாரம் தேதியோடு மதிப்பெண் தாள், அதைவிட நல்ல ஆவணம் வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். உன் அம்மாதான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தத் தேர்வுத்தாளை வாலு எப்படிங்க படிப்பா என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, நான் மட்டும் மூடிவைத்திருந்ததாக எண்ணிய விஷயம் அவளுக்கும் தெரியும் என்று.

வாலுவுக்கு வாசிக்க வரவில்லை அம்மா. உன் பதிவேட்டில் அவளுக்கு நேரே வாசிப்பு என்ற கட்டத்தில் நூற்று அறுபத்து நான்கு முறை சரளம் என்று இருக்கிறது. ஒன்பது வயது முடியப்போகிறது, அவளால் ஒரு வரி வாசிக்க முடியவில்லை. பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய கப்பல் கதைப் புத்தகம் நினைவிருக்கும். எதையும் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளும் என் வழக்கப்படி அதிலும் ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். சென்ற மாதம் அவள் வீடியோவில் எனக்கு அதை வாசித்துக் காட்டினாள், மாலுமிக்கு ஒரு குரல், கிளிக்கு ஒரு குரல், உன் அம்மா கைதட்டினாள். நான் என் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே போனேன். பதினோராம் பக்கத்தைத் திருப்பாமலே பன்னிரண்டாம் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள், பிறகு நினைவு வந்து இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினாள், அப்போதும் ஒரு சொல் பிசகவில்லை. பதினோரு நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தேர்வுத்தாளைப் பற்றி உன் அம்மா கேட்ட பிறகுதான் அவளிடம் சொன்னேன், அவள், மத்த பிள்ளைங்க மூணும் தப்பும் தவறுமா எதையாவது அடிச்சு அனுப்புதுங்க, இவ மட்டும் என்னிக்காவது ஒரு வரி எழுதி அனுப்பியிருக்காளா, எல்லாம் குரல்தானே, வக்கீலுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும் என்றாள். இது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கப்போவதில்லை. தெரியாமல் சரளம் என்று எழுதியிருக்கலாம்; அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத்தான் அவள் மறைக்கிறாள். தெரிந்தும் எழுதியிருந்தால் எந்த பயத்தில் எழுதினாய் என்பது எனக்குப் புரியும். இரண்டில் எது உண்மையானாலும் பதினெட்டாம் தேதி அந்த அலுவலர் தன் பையிலிருந்து அவள் பார்த்திராத ஒரு பக்கத்தை எடுத்து நீட்டுவார். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ இரட்டைகளுக்குக் கைகழுவப் போனபோது வீடியோ ஓடிக்கொண்டிருந்த போன் வாலுவிடம் இருந்தது. வாலு, பன்னிரண்டாம் பக்கத்துல மூணாவது வரி மட்டும் தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டு என்றேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். பிறகு, தாத்தா, வக்கீல்கிட்ட ஒண்ணு சொன்னா அவங்க வெளிய சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சொன்னான், நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். எழுத்தெல்லாம் ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது தாத்தா, அண்ணன் படிக்கிறப்ப கேட்டு வச்சுக்குவேன், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அம்மா சரியாச் சொல்லித் தரலன்னு ஆபீசர் எழுதிடுவாங்க, எங்களைப் பிரிச்சுத் தனித்தனி ஸ்கூல்ல போட்டுடுவாங்க என்றாள். அந்தச் சின்னத் தலைக்குள் இவ்வளவு நாளாக இந்த பயம் இருந்திருக்கிறது. நான் வாயால் சரி என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். ஆனால் அவள் அதைப் பார்த்தாள், ஆகவே அது வாக்குத்தான். இந்தக் கடிதம் பெரியவன் கையில் சிக்கக் கூடாது, வாலு எடுத்தால் பரவாயில்லை என்று எழுத வந்தேன், பேனா நின்றுவிட்டது.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன், இதில் மட்டும் உன் பிடிவாதத்தைக் காட்டாதே. பதிவேட்டைக் கிழிக்காதே, எரிக்காதே. அதன் முதல் பக்கத்தில், இது முழுவதும் இந்தத் தேதியில் நினைவிலிருந்து எழுதப்பட்டது, நாள்வாரியாக எழுதியதல்ல என்று நீ உட்கார்ந்து எழுதிய தேதியைப் போட்டு எழுது, எழுதும் நாளின் தேதியோடு கீழே கையெழுத்துப் போடு. அலுவலர் கேட்காவிட்டால் அதைக் காட்டாதே, கேட்டால் மறைக்காதே. பிள்ளைகள் நிஜமாகச் செய்தவற்றை, பெரியவன் வரைந்த வரைபடங்கள், இரட்டைகளின் கூட்டல் தாள்கள், வாலு குச்சிகளை ஒட்டித் தன் கையால் கட்டிய பொம்மைப் பாலத்தின் படம், அப்படியே அடுக்கி வை, அழுக்காக இருந்தாலும் இருக்கட்டும். பெட்டியை வாங்காதே, வாசிக்க வராத பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை தோறும் தேர்வு வைத்தால் அவளுக்கு எதிரான தாளை வாராவாரம் நீயே தயாரித்துக் கொடுத்ததாகும். ஒன்றாக உட்காரவைக்கும் பாடத்தையே எடு, அதில் அவள் காதால் கேட்டு எல்லோரையும் முந்துவாள். வாசிப்பை மட்டும் அவளுக்கு முதல் எழுத்திலிருந்து தொடங்கு, தினம் அரை மணி, மற்றவர்கள் இல்லாத அறையில். கண் மருத்துவரிடம் இந்த வாரமே கூட்டிப்போ, அவர் கண்ணில் பழுதில்லை என்றால் பிள்ளைகளின் வாசிப்புச் சிக்கலைப் பரிசோதிக்கும் நிபுணரிடம் பதினெட்டாம் தேதிக்கு முன்பாக நேரம் வாங்கு. குறையை நாம் கண்டுபிடித்து நாமே போய் உதவி கேட்டோம் என்பது வேறு, அவர்கள் வந்து கண்டுபிடித்தார்கள் என்பது வேறு. இவ்வளவும் செய்தால் அனுமதி நிச்சயம் என்று நான் உறுதி தரமாட்டேன், நீதிமன்றத்தில் நின்ற எவனும் அப்படித் தரமாட்டான். எனக்கு பயமாகத்தான் இருக்கிறது. அனுமதி கிடைக்காமல் அவள் பள்ளிக்கே போகும்படி ஆனாலும், எனக்கு வாசிக்க வராது என்று நிமிர்ந்து சொல்லத் தெரிந்தவளாகப் போகட்டும்.

மாப்பிள்ளையிடம் இதைக் காட்டு, அவரிடம் மறைத்து எதையும் செய்யாதே, அவரும் பயப்படுவார், இருவரும் சேர்ந்து பயப்படுங்கள். உன் அம்மா பெரியவனுக்கு ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டாள், கை நீளம் சரியாக இருக்குமா என்று அளவு கேட்கிறாள், மறக்காமல் அனுப்பு. நீங்கள் அறுவரும் ஒரே கூரையின் கீழ் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் வாழவேண்டும் என்று நாங்கள் இருவரும் மனமார வாழ்த்துகிறோம். வாலுவிடம் எனக்காக நீ சமாதானம் சொல்லாதே. தாத்தா சொல்லிவிட்டார் என்று நேராகவே சொல், அவள் கோபம் என்மேல் இருக்கட்டும், உன்மேல் வரவேண்டாம். நாற்பது வருடத்தில் என்னை நம்பி ஒருவர் சொன்னதை நான் வெளியே சொல்வது இதுவே முதல்முறை. வரும் ஞாயிறு அவள் என்னோடு பேசமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே, போனை மட்டும் அணைக்காமல் மேடைமேலேயே வை, அவள் வரும்வரை நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும்
அப்பா