வெளியூர்க்காரி வாங்கிய மெழுகுவர்த்தி

என் மெழுகுவத்திக்கார அம்மாவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு உட்காரத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதானே? அரியலூர் காலேஜில் இரண்டாம் வருஷம் பெஞ்சில் உட்கார முடியாமல்தான் எழுந்து சென்னைக்கு ஓடினேன். இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கட்டும். நான் செய்ததும் எல்லோர் முன்னாலும்தான்.

இந்தக் கோடையில் எங்கள் ஜவுளிக்கடைப் பெண்கள் எட்டுப் பேர் வேனில் வேளாங்கண்ணி போனோம். திரும்பும் வழியில் ஏலாக்குறிச்சி மாதா கோவிலைப் பார்த்துவிட்டு, அப்படியே ரஞ்சன்குடி கோட்டைக்கும் போகலாம் என்று திவ்யா போனைப் பார்த்து முடிவு செய்தாள். ஏலாக்குறிச்சிதான் என் ஊர் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. கடையில் எல்லோரிடமும் என் ஊர் திருச்சி, அம்மா டீச்சர் என்று சொல்லி வைத்திருந்தேன். ஏன் சொன்னேன்? முதல் நாள் ஒருத்தி கேட்டாள், வாயில் வந்தது. அப்புறம் மாற்றிச் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

மத்தியானம் நீ சாப்பிடப் போயிருப்பாய் என்று நம்பித்தான் வேனை விட்டு இறங்கினேன். நேர் எதிரே, கிழிந்த நீலக் குடைக்கு அடியில், மெழுகுவர்த்திக்கும் காணிக்கை போடும் உப்பு மிளகுப் பொட்டலத்துக்கும் நடுவில் நீ இருந்தாய். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோவிலைப் போனில் படம் எடுத்தேன். ஞானஸ்நானம் வாங்கிய கோவிலை, இன்றைக்குத்தான் பார்க்கிறவள் மாதிரி.

நீ உட்கார்ந்துவிட்டாய். பக்கத்துப் பூக்கார அக்கா என் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். நீ அவள் தொடையில் கிள்ளினாய். அவ்வளவு சீக்கிரம் உனக்கு எப்படிப் புரிந்தது?

திவ்யா என் கையைப் பிடித்து உன் மேசைக்கே இழுத்து வந்தாள். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுத்தாய். வெளியூர் ஆட்களிடம் எப்போதும் சொல்வதைச் சொன்னாய்: அடைக்கலம் தேடித் தூரத்திலிருந்து வருகிறவர்கள் வேண்டுதலைத்தான் மாதா முதலில் கேட்பாள், உள்ளூர்க்காரர்கள் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக என் கையில் ஒன்றை வைத்தாய்.

"எனக்கு ஒரு மவ மெட்ராசுல இருக்கா. அவளுக்காவ ஒண்ணு வேண்டிக்கிங்கம்மா. நீங்க வெளியூரு, சீக்கிரம் கேக்கும்."

"சரிங்க" என்றேன். நேரில் உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

உள்ளே போய் மாதா முன்னால் நின்றேன். யார் என்று சொல்லி வேண்டுவது? உன் மகள் என்றா, வெளியூர்க்காரி என்றா? மெழுகுவர்த்தியைப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன்.

கோட்டையில் வெயில் கொளுத்தியது. மேலே ஏறி ஆளாளுக்குச் செல்ஃபி எடுத்தோம். எங்களுக்கு முன்னால் வந்த ஒருவர் தன் குடும்பத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்தப் பக்கம்தான் மோதினார்களாம். சண்டை சூடு பிடிக்கும் முன்னாலேயே ஒரு தரப்பு பயந்து ஓடிவிட்டதாம். இவ்வளவு பெரிய கோட்டையை வைத்துக்கொண்டு எதற்கு ஓடினார்கள் என்று திவ்யா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். போனை வைக்கப் பையில் கைவிட்டபோது உன் மெழுகுவர்த்தி சூட்டில் வளைந்து கிடந்தது.

அந்த வாரமே நீ போன் செய்தாய். சாப்பிட்டாயா என்றாய், ஹாஸ்டலில் தண்ணீர் வருகிறதா என்றாய். கோவில் பேச்சே இல்லை. வைக்கப் போகும்போது மட்டும் சொன்னாய்.

"அன்னிக்கிப் போட்டிருந்தியே பச்ச சுடிதாரு, ஒனக்கு எடுப்பா இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல சமயம் வருமா? சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நேரில் வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மேசை மேலேயே சாய்ந்துவிட்டாய். அடக்கத்துக்கு வர லீவு கேட்டபோதுகூட, ஒரு சொந்தக்காரர் இறந்துவிட்டார் என்றுதான் சொன்னேன் அம்மா.

போன வாரம் திவ்யாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் புடவை மடிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

"எங்களுக்கு அன்னிக்கே தெரியும்டி. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. நீயா சொல்லுவேன்னு பாத்தோம்."

எல்லோருக்கும் தெரிந்ததை மறைக்கவா உன்னை அப்படி நடிக்க விட்டேன்?

உன் மேசையை இப்போது சித்தி போடுகிறாள். குடை மட்டும் புதுசு.

கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். அதே வேன், அதே ஆட்கள். உன் கல்லறைக்கு நானே சுண்ணாம்பு அடிப்பேன். அந்த வளைந்த மெழுகுவர்த்தி என்னிடம்தான் இருக்கிறது. அதை நான் ஏற்ற மாட்டேன். நான் உள்ளூர்க்காரி, வரிசையில் நிற்க வேண்டியவள். திவ்யா கையில் கொடுத்து, பூக்கார அக்கா காதிலும் விழுகிற மாதிரி கேட்பேன்: "இது எங்கம்மா. இவங்களுக்காவ ஒண்ணு வேண்டிக்கடி."

இப்படிக்கு,
ஏலாக்குறிச்சி கோவில் வாசல் மெழுகுவத்திக்கார ஆரோக்கியமேரி மவ,
ஜெனி