ஓட்டுக்குள்ளே ஆள் இருந்தது

அக்கா,

இன்று காலையில் தண்ணீர் டிரம் மூடியில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. பேத்தி அதைப் பிய்த்தெடுத்து, "ஆயா, ஓட்டுக்குள்ள ஆளு இருக்குது, புடி!" என்று நீட்டினாள். என் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. உடனே உன் ஞாபகம் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது.

நம் தோல் கம்பெனியிலிருந்து மகாபலிபுரத்துக்கு பஸ் விட்டார்களே, அப்போது இவளுக்கு நாலு வயசு. மகள் அனுப்ப மாட்டேன் என்றாள். "அஞ்சாவது வரைக்கும் படிச்சவடி நானு, ஒரு புள்ளைய பாத்துக்கத் தெரியாதா?" என்று வீம்பாகக் கூட்டிவந்தேன். நீ சிரித்தாய். "அஞ்சாவதுல கடலைப் பத்தி இருந்துச்சா?"

அலை ஒதுங்கிய இடத்தில் இவள் சிப்பி பொறுக்கினாள். கூம்பு மாதிரி, பழுப்புப் பூப்போட்ட ஒன்று கிடைத்தது.

"உள்ள யாரு ஆயா?"

"யாருமில்ல கண்ணு, வெறும் ஓடு."

நம் ஊருக்கு லாரியில் வருகிற தோலெல்லாம் உயிர் போன பிறகுதானே வருகிறது. முப்பது வருஷம் அதையே பார்த்தவள், ஓடும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

இவள் அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். மீன் விற்கிற அம்மா ஒருத்தி கத்தினாள்: "ஐயோ, அது கொட்டும்! விஷம்! கீழ போடச் சொல்லு!" ஓட்டின் வாயிலிருந்து புழு போல ஒன்று மெல்ல நீண்டது. "குடுறி" என்றேன். "என்னுது!" என்று இன்னும் இறுக்கினாள். இவள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

ஒரு கை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை, அக்கா. பின்னால் ஒளித்துக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நீதான் மண்ணில் முட்டி போட்டு உள்ளங்கையை விரித்தாய். "பெரிய ஆயா கையப் பாரு, சுண்ணாம்புல ஊறி ஊறி எருமைத் தோலு. எது கடிச்சாலும் ஏறாது. இங்க வுடு, அவங்க வூட்டுக்கு அனுப்பிடலாம்." இவள் சிரித்துக்கொண்டே விட்டாள். வெறும் கையில் அதை ஏந்திக்கொண்டு அலை வரைக்கும் நடந்தாய். பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியும் நான் மூச்சே விடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உன் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"எருமைத் தோலுன்னியே?"

"அது புள்ளைக்குச் சொன்னது. எனக்கு மட்டும் இன்னா, உசுரு வெல்லமில்லியா?"

என் வலது கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். ஆம்பூர் வரும் வரைக்கும் விடவில்லை. நீ பார்த்துவிட்டாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்று அந்தக் கையை முன்னால் கொண்டுவர நேரம் பிடித்தது. வெறும் நத்தை, ஒன்றும் செய்யாது. தெரிந்தும் பாதியிலேயே நின்றது.

"இன்னா ஆயா, பயமா?"

"ஆமாண்டி, பயந்தான். வை" என்று விரித்தேன். சில்லென்று இருந்தது.

முருங்கை மரத்தடி ஈர மண் வரைக்கும் பத்தடி. நடந்தேன்.