சாத்தி வைத்த அறை

செப்டம்பர் 9

தேன் டின்கள் போளூருக்குப் போய்விட்டன. மத்தியானம் கல்லூரியிலிருந்து அபிநயா என்ற பெண் வந்து, மலைவீட்டு உள்ளறையில் சின்ன டப்பா ஒன்றைத் தொங்கவிட்டாள்; பக்கத்து வீட்டுச் சின்னராசுவின் உள்ளறையிலும் ஒன்று. பாறையிலிருந்து ரேடான் என்று ஒரு வாயு கசியுமாம். வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு. டப்பா மூன்று மாதம் தொங்கினால் அளவு தெரியும்.

"எப்பவும் இருக்கற மாதிரியே இருங்க ஐயா."

நிறமில்லை, வாசனையில்லை. மூக்கை நம்பியே தேனும் புளியும் வாங்கி விற்றுப் பிழைத்தவன் நான், இதை எப்படி நம்புவது?

செப்டம்பர் 10

மகள் ஃபிஜா போன் செய்தாள். பிள்ளை பிறந்ததும் இங்கே வந்து தங்குவாளாம். "நான் பொறந்த ரூம்லதான்பா படுப்பேன்."

டப்பா தொங்கும் அதே உள்ளறை! கல்யாணமாகி வந்த முதல் குளிரில் என் மனைவி ஜோஹராவும் நானும் ஜன்னலைச் சாக்கால் அடைத்து, புளிமூட்டைகளுக்கு நடுவே படுத்தோம். "கொழம்புச் சட்டிக்குள்ள தூங்கற மாதிரி கீது" என்று சிரித்தாள். அவள் கண்ணை மூடிய பிறகும் சாத்தியே வைத்திருக்கிறேன். திறந்தால் எதுவோ வெளியே போய்விடும் என்று—சரி, விடு.

செப்டம்பர் 11

அந்த அறையைக் குறை சொல்ல விடமாட்டேன். காற்றோடினால் வாயு தங்காது என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். மூட்டையின் மேல்வாயில் மட்டும் நல்ல புளியை வைக்கிற வேலைதான்.

டிசம்பர் 12

டப்பாவை எடுத்துப் போனார்கள். ஜன்னலைச் சாத்தினேன்.

டிசம்பர் 20

ஃபிஜாவுக்குப் பெண் குழந்தை.

ஜனவரி 6

முடிவு வந்தது. என் வீட்டில் குறைவு. பக்கத்து வீட்டுச் சின்னராசுவுக்கு நான்கு மடங்கு. இரண்டும் ஒரே பாறைமேல் நிற்கிற வீடுகள்.

"இன்னா பாய், காத்துகூட உங்களுக்கு மட்டும் சுத்தமா வருதா?" என்றான்.

சிரித்து வைத்தேன். அடுத்த வாரம் ஃபிஜா வருகிறாள்.

ஜனவரி 7

மேல நல்ல புளிய வெச்ச, சரி. மூட்டைய வாங்கப் போறது யாரு? உன் பேத்திதானே!

அபிநயாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். "தெறந்து வெக்கறதுதான் ஐயா வைத்தியமே. சாத்துனீங்கன்னா சின்னராசு அண்ணன் வூடு மாதிரிதான்" என்றாள்.

சின்னராசுவிடமும் போய்ச் சொன்னேன். "யாவாரி புத்தி!" என்று வாய் நிறையத் திட்டினான். அவன் உள்ளறைக்கு ஜன்னலே கிடையாது.

சாயங்காலம் என் ஜன்னலைத் திறந்தேன். வெகுநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 16

ஃபிஜா உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினாள். "அம்மா இருந்தப்ப வந்த வாசனை இல்லியேப்பா."

"போய்ட்டுதும்மா" என்றேன். குளிருக்கு இன்னொரு ரஜாய் போர்வை எடுத்துக் கொடுத்தேன்.

எதிரே பக்கத்து வீட்டு உள்ளறைச் சுவரில் கடப்பாரைச் சத்தம். கல் ஒன்று பெயர்ந்து விழ, ஓட்டையில் சின்னராசுவின் தலை, முகமெல்லாம் புழுதி.

"பாய்! இங்கேர்ந்து பாத்தா உங்க வூடு தெரியுது!"

ஃபிஜா குழந்தையைத் தூக்கி ஜன்னலில் காட்டினாள்.