என் பக்கமும் ஒரு பிரேக்

மார்ச் 3, திங்கள்

இன்றிலிருந்து வீட்டில் சமையல். எழுதி வைத்துவிட்டேன், இனி மாற்றமில்லை.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். மனைவி தலைமை நர்ஸாகி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்கும் மகளுக்கும் மூன்று வேளையும் பார்சல்தான். நேற்று மகள் அவளிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. “பரீட்சை முடிஞ்சதும் அங்கேயே வந்துடறேம்மா. இங்க வீடு மாதிரியே இல்ல.” வீடு மாதிரி இல்லையாம். பின்னே இது என்ன, பஸ் ஸ்டாண்டா?

சமைக்கப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள். “ஒரு வாரம் தாங்குதா பாக்கலாம்” என்றாள். அந்தச் சிரிப்புக்காகவே சமைப்பேன். மகளையும் எங்கேயும் அனுப்பமாட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. பாத்திரத்தின் மேல் கோபம். அதை விற்றவன் மேலும் கோபம்.

மார்ச் 7, வெள்ளி

நாள் முழுக்க ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்து வெங்காயம் நறுக்குகிறேன். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்களிடமெல்லாம் “பரவாயில்ல, இன்னொரு தடவை பாக்கலாம்” என்று குழைகிறவன் நான். மகளோ தட்டைத் தள்ளிவிட்டு “உப்பு” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி எழுந்து போகிறாள். கூடவா, குறைவா? அதையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?

வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பே போடவில்லை. இருக்கட்டும், அதற்காக இப்படியா?

மார்ச் 11, செவ்வாய்

காய் நன்றாக வந்தது. யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

“இன்னிக்கு நான் சமைக்கறேன்” என்று மகளே வந்தாள். சரி என்று பக்கத்தில் நின்றேன். உருளைக்கிழங்கு நறுக்கினாள். விரலைப் பாத்து என்றேன். எண்ணெய் ஊற்றினாள். போதும், போதும் என்றேன். தீயைக் கூட்டினாள். என் கை தானாகப் போய்க் குறைத்தது. மறுபடி கூட்டினாள், மறுபடி குறைத்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“காருலதான் உங்க பக்கமும் ஒரு பிரேக் வச்சிருக்கீங்க. இங்கயுமாப்பா?”

என்ன வாய். அப்படியே அவள் அம்மாவின் வாய். எக்கேடு கெட்டாவது போ என்று ஹாலுக்கு வந்துவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தால் சோறு அரைவேக்காடு. சும்மா விடுவேனா? “பக்கத்துல நின்னா பிடிக்கல, இப்ப பாரு. எதுலயும் கவனம் கிடையாது. அங்க போயி உங்கம்மாவையும் பட்டினி போடு” என்று கத்தினேன். அவள் அழவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 17, திங்கள்

காலையில், கார் கற்றுக்கொள்ள வரும் பல் டாக்டர் அம்மாவுக்கு வகுப்பு. சிக்னல் இன்னும் தூரத்தில் இருக்கிறது, அதற்குள் என் கால் என் பக்கத்துப் பிரேக்கை அழுத்திவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. “நீங்களா போட்டீங்க? நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு பயந்துட்டேன்” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று ஹாலுக்கு வரும்போது, போகிற போக்கில், பின்னடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பாத்திரத்துக்கும் தீயைக் குறைத்தேனே. நான்தானே குறைத்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகத்தான் இறக்கியிருக்கிறாள்.

சொல்லிவிட வேண்டும். சாப்பிடும்போது வாய் வரை வந்தது. இவள் முகத்தை இப்படி உம்மென்று வைத்துக்கொண்டால் மனுஷன் எப்படிச் சொல்வான்?

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தின் மேல் பழி போட்டுத் தப்பிக்கிறேன். கோழை.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். “அன்னிக்குச் சோத்துப் பாத்திரத்துக்குத் தீயைக் குறைச்சது நான்தான். உன் தப்பு இல்ல.”

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியும்” என்றாள்.

“தெரியுமா? அப்ப ஏன் அப்பவே சொல்லல?”

“சொன்னா இன்னும் கத்துவீங்க.”

பதினாறு வயசுப் பொண்ணு, செய்யாத தப்புக்கு வாங்கிக் கட்டிக்கிட்டு, பாத்திரமும் கழுவி வச்சிட்டுப் போயிருக்கு. இந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? என்னைத் தவிர இங்கே வேறு ஆளில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அவள் சமைத்தாள். நான் ஹாலில், கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருகுகிற வாசனை வந்தது. எழுந்திருக்கவில்லை. கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

“கொஞ்சம் கருகிடுச்சு” என்று பரிமாறினாள். “ம்” என்றேன். அந்த ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 27, வியாழன்

பரீட்சை முடிந்துவிட்டது. அவளை அழைத்துப்போக அவள் அம்மா நாளை மறுநாள் வருகிறாள். போகட்டும். நான் கத்தியதற்கெல்லாம் சேர்த்து இது எனக்கு வேண்டியதுதான்.

ஆனாலும் கோபமாக வருகிறது.

மார்ச் 29, சனி

மனைவி வந்தாள். பையை வைத்த கையோடு சமையலறைக்கு வந்து என் கையிலிருந்த கரண்டியைப் பிடித்தாள். “தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்.”

“நீங்க உக்காருங்கம்மா. இன்னிக்கு அப்பா முறை” என்றாள் மகள் வாசற்படியிலிருந்து.

“அடேயப்பா. முறையெல்லாம் வச்சிருக்கீங்களா?”

“ஆமா. நாளைக்கு நான். திங்கக்கிழமை அப்பா.”

“நாளைக்குக் காலையிலதான் நாம கிளம்பறோமே.”

மகள் உள்ளே வந்து தட்டுகளை எடுத்து வைத்தாள்.

“லீவுக்கு மட்டும் வர்றேம்மா” என்றாள். “ஒரு வாரம் இருந்துட்டுத் திரும்பிடறேன்.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதோ வெந்துவிட்ட பருப்பைக் கிளறிக்கொண்டே நின்றேன்.